கனடா சென்ற மகளின் நர்சிங் படிப்பு வீணாகிவிடுமா?

அம்மாபேட்டையிலிருந்து எழுதியுள்ள அம்மையாருக்கு வணக்கம். சேலத்தில் பி.எஸ்சி. நர்சிங் முடித்துத் தனியார் மருத்துவமனையில் பணியாற்றிய தங்கள் மகள், திருமணத்திற்குப் பின் நிரந்தரக் குடியிருப்பு உரிமையுடன் ஒன்டாரியோ சென்று ஓராண்டாக வீட்டிலேயே இருப்பதையும், பதினைந்து லட்சம் செலவழித்து அங்கே வணிக மேலாண்மை டிப்ளமோவில் சேரும்படி ஒரு முகவர் வற்புறுத்துவதையும் எழுதியிருந்தீர்கள். அந்தப் பணத்துக்காக நகையை அடகு வைக்க வேண்டாம்.

செவிலியர் பணி அங்கே உரிமம் பெற்றுச் செய்ய வேண்டிய தொழில். உரிமம் வழங்குவது காலேஜ் ஆஃப் நர்சஸ் ஆஃப் ஒன்டாரியோ. பெயரில் காலேஜ் இருந்தாலும் அது கல்லூரியன்று, நம் நர்சிங் கவுன்சிலைப் போன்ற பதிவு மன்றம். அது கேட்பவை கல்விச் சான்றுகள், மொழித் திறன், 2015 முதல் அங்கு நடைமுறையில் உள்ள என்க்லெக்ஸ் (NCLEX) என்னும் செவிலியர் உரிமத் தேர்வு முதலியன. முகவர் சொல்லும் டிப்ளமோ இவற்றில் எதற்கும் ஈடாகாது.

மகள் உடனே செய்யக்கூடியது, புதிதாகக் குடியேறியவர்களுக்காகக் கனடா அரசின் நிதியில் கட்டணமின்றி நடக்கும் 'லிங்க்' ஆங்கில வகுப்பில் சேர்வது. "ஆங்கில வழியில் படித்தவள் மறுபடியும் ஏபிசிடி படிப்பதா?" என்று அவர் கூச்சப்படுவதாக எழுதியுள்ளீர்கள். சேரும்முன் ஒரு மதிப்பீட்டுத் தேர்வு உண்டு. பன்னிரண்டு நிலைகள் கொண்ட கனடிய மொழி அளவுகோலில் அவர் எங்கே நிற்கிறார் என்று பார்த்து அதற்கேற்ற வகுப்பில்தான் அமர்த்துவார்கள். உண்மையில் அவருடைய குறை எழுத்திலோ இலக்கணத்திலோ இராது. நம் ஊர் வார்டில் நோயாளியிடம் தமிழில் பேசி, கேஸ் ஷீட்டில் மட்டும் ஆங்கிலம் எழுதிப் பழகியவர் அவர். வலி குத்துகிறதா, கடுக்கிறதா, எரிகிறதா, சுரீரென்று இழுக்கிறதா என்று எண்பது வயதுப் பாட்டியிடம் ஆங்கிலத்தில் கேட்டறிவதும், ஷிஃப்ட் மாறும்போது அடுத்த செவிலியரிடம் பத்து நோயாளிகளின் நிலையை வாய்மொழியாக ஒப்படைப்பதும், மருத்துவர் தொலைபேசியில் சொல்லும் மருந்தளவைத் தயங்காமல் திருப்பிக் கேட்டு உறுதி செய்வதும் பாடநூலில் வராதவை. வீட்டுக்குள் இருந்தால் அந்தப் பேச்சு வரவே வராது.

குழந்தையைக் காரணமாகச் சொல்கிறார் என்றால், வகுப்பு நேரத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வசதி சில மையங்களில் உண்டு. ஆனால் குடியுரிமை பெற்றபின் லிங்க் வகுப்பில் பொதுவாகச் சேர இயலாது. பணியை விட்டு ஆண்டுகள் கூடக்கூட, அண்மைப் பணி அனுபவம் பற்றிய நிபந்தனையும் இடறும். ஆகவே தள்ளிப்போட வேண்டாம்.

இடையில் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு உதவியாளராகச் சேர அவர் விரும்பினால் தடுக்காதீர்கள். "நர்சு வேலை பார்த்தவள் ஆயா வேலைக்குப் போகிறாளே" என்று தாங்கள் வருந்தியிருந்தீர்கள். உரிமத்திற்கான முயற்சி நிற்காதவரை, மருத்துவச் சூழலின் ஆங்கிலம் காதில் விழுந்துகொண்டே இருக்கும் அந்த வேலை, கடையில் பில் போடும் வேலையைவிட எவ்வளவோ மேல் என்பது என் எண்ணம்.

இங்கிருந்து தாங்கள் செய்யக்கூடியதும் உண்டு. மதிப்பெண் பட்டியல்களைப் பெரும்பாலும் பல்கலைக்கழகமே நேரடியாக அனுப்ப வேண்டியிருக்கும். அதற்குக் கிண்டியிலுள்ள டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்திலும், பதிவுச் சான்றுக்குத் தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலிலும் விண்ணப்பிக்க வேண்டும். நேரில் போக நேர்ந்தால், இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியற்காலையில் சென்னையில் இருக்கலாம். அதற்குமுன் ஒன்று: நம் பிள்ளைகளுக்குச் சான்றிதழில் ஓரெழுத்து இனிஷியலும், பாஸ்போர்ட்டில் தந்தையின் முழுப்பெயரோ கணவர் பெயரோ இருப்பது வழக்கம், வெளிநாட்டு அலுவலகத்திற்கு அவை இரண்டு வெவ்வேறு ஆட்களாகத் தெரியும். பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் பாஸ்போர்ட் நகலையும் அருகருகே வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் இரண்டின் நகல்களுடன் வாருங்கள், பிரமாணப் பத்திரத்தில் என்ன எழுத வேண்டும் என்று சொல்கிறேன்.