முள் நடுவில் நின்றால் போதுமா?

கேள்வி: சுமை ஏற்றும் என் டீசல் வண்டியில் வெப்பநிலை காட்டும் முள் கடைசிவரை நடுவிலேயே இருந்தது. ஆனாலும் என்ஜின் நின்றுபோய், சிலிண்டர் ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி) வளைந்துவிட்டதாக மெக்கானிக் சொல்கிறார். இது எப்படி நேரும்? இனி எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: தாராளமாக நேரும். அந்த முள் காட்டுவது என்ஜினின் வெப்பத்தை அன்று, சென்சாரைச் சூழ்ந்துள்ள கூலன்ட்டின், அதாவது என்ஜினைக் குளிர்விக்கும் திரவத்தின், வெப்பத்தையே. ஹோஸ் வெடித்துக் கூலன்ட் வடிந்துவிட்டால் சென்சார் காற்றிலும் ஆவியிலும் நின்று குறைந்த அளவையே காட்டும். அதற்குள் ஹெட் வளையும் அளவுக்குச் சூடேறிவிடும். போதாக்குறைக்கு, ஓட்டுநர் பதறக்கூடாதென்று, ஏறத்தாழ 80 முதல் 100 டிகிரி செல்சியஸ் வரை முள் அசையாதபடியே பல வண்டிகளில் அமைத்திருக்கிறார்கள். இந்தக் கரிசனத்தை என்னால் பாராட்ட முடியவில்லை. எனவே, கூலன்ட் மட்டம் குறைந்தால் ஒலிக்கும் அலாரத்தையும், ஹெட்டின் உலோகத்தோடு போல்ட்டில் இறுக்கும் தனி வெப்ப சென்சாரையும் முதலில் பொருத்துங்கள்.

சுமை வண்டிக்கு இவை மட்டும் போதா. எக்ஸாஸ்ட் வாயுவின் வெப்பநிலையையும் அறிய வேண்டும். டீசல் என்ஜினில், உள்ளே வரும் காற்றுக்கு ஏற்ற அளவை மீறி எரிபொருள் கூடினால் வெப்பமும் கூடும் என்பதால், நீண்ட ஏற்றத்தில் கியரைக் குறைக்காமல் ஆக்சிலரேட்டரை அழுத்திக்கொண்டே போனால் அது சில விநாடிகளில் எகிறிவிடும். கூலன்ட் முள் அதை உணரச் சில நிமிடங்கள் ஆகும். டர்போவுக்கு (எக்ஸாஸ்ட் வாயுவால் சுழன்று என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவிக்கு) முன்னால் அளக்கும்போது தொடர்ந்து 700 டிகிரியைத் தாண்டவிடாமல் இருப்பது பொதுவான வழக்கம். தயாரிப்பாளர் வேறு வரம்பு தந்திருந்தால் அதுவே முடிவு. தூய அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அலுமினியக் கலவையாலான பிஸ்டன் பிழைத்திருப்பது, ஆயிலும் கூலன்ட்டும் வெப்பத்தை ஓயாமல் இழுத்துக்கொள்வதால்தான். அளவு ஏறினால் கியரைக் குறைத்து, ஆக்சிலரேட்டரைத் தளர்த்துங்கள்.

கேள்வி: எக்ஸாஸ்ட் வெப்பமானியை டர்போவுக்குப் பின்னால் பொருத்தினால் வேலை எளிதாக முடியும் என்கிறார்களே?

பதில்: வேலை எளிதுதான். ஆனால் டர்போவைச் சுழற்றிவிட்டு வரும் வாயு, சுமையின்போது 100 டிகிரிக்கும் மேல் குறைந்திருக்கக்கூடும். அந்த இடைவெளி சுமைக்கேற்ப மாறுவதால் கணக்கிட்டுச் சரிசெய்யவும் இயலாது. சிலிண்டர்களின் எக்ஸாஸ்ட் வாயுவைச் சேர்த்து டர்போவுக்குக் கொண்டுசெல்லும் மேனிஃபோல்டிலேயே பொருத்தச் சொல்லுங்கள். துளையிடுமுன் அதைக் கழற்றிவிட வேண்டும். உள்ளே விழும் இரும்புத் துகள் டர்போவின் இறக்கைகளைச் சிதைத்துவிடும்.