கழுவினால் ஈயம் போய்விடுமா?

கேள்வி: சந்தைப் பழங்களில் ஈயம், காட்மியம் மாதிரி நச்சு உலோகமெல்லாம் இருக்கிறதாமே, நன்றாகக் கழுவினால் போதாதா? இல்லை, பழமே வேண்டாமா?

பதில்: பழத்தை விட்டுவிடாதீர்கள். சாலையோரம் திறந்து வைத்த பழத்தின் மேல் ஈயம் கலந்த தூசி படியலாம், காம்புக் குழியில் அது நன்றாகவே தங்கும், அங்கே விரலை விட்டு ஓடும் தண்ணீரில் தேய்த்தால் பெரும்பாலும் போய்விடும். ஆனால் ஆலைக் கழிவுநீர் பாய்ந்த மண்ணிலிருந்தோ பாஸ்பேட் உரத்திலிருந்தோ வேர் வழியாக ஏறிய காட்மியம் சதைக்குள்ளேயே இருக்கும், உப்புத் தண்ணீர், வினிகர், பழம் கழுவவென்றே விற்கிற திரவம் எதுவும் அதைத் தொடாது (காசுக்குத்தான் கேடு). நல்லவேளையாக, கீரை, கிழங்கை விடப் பழத்தில் இவை பொதுவாகக் குறைவாகவே சேரும்.

ஒருநாள் தின்பதில் ஒன்றுமில்லை, பல வருடம் சேர்வதுதான் சிக்கல்: காட்மியம் சிறுநீரகத்தில் 10 ஆண்டுகளுக்கு மேல்கூடத் தங்கும். சிறு குழந்தைகளின் குடல் பெரியவர்களைப்போல 4, 5 மடங்கு ஈயத்தை உறிஞ்சும், இரும்புச்சத்தோ கால்சியமோ குறைந்திருந்தால் இன்னும் மோசம். அதனால் முதலில் அந்தச் சத்துக் குறையைச் சரிசெய்யுங்கள், அப்புறம் ஒரே பழத்தை ஒரே இடத்தில் வாங்காமல் மாற்றி மாற்றி வாங்குங்கள்.