மரமஞ்சள் குடித்தால் கலங்களுக்குச் சக்தி ஏறுமா?

மரமஞ்சள் கலங்களுக்குச் சக்தி ஏற்றிச் சீனியைக் குறைக்கும் என்று வட்ஸ்அப்பில் வந்ததாம், உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். சீனி குறைவது ஓரளவு உண்மை. சக்தி ஏறுகிறது என்பது தலைகீழ்.

எங்கள் களுவாஞ்சிக்குடிப் பக்கம் தடிமன், காய்ச்சல் என்றால் மல்லியோடு இரண்டு துண்டு மரமஞ்சளும் போட்டு அவிப்பார்கள். வெனிவெல் என்று சிங்களப் பெயரில் கேட்டாலும் கடையில் அதையே தருவார்கள். குடித்த கோப்பையில் ஒட்டிக்கொண்டு லேசில் போகாத அந்த மஞ்சள் நிறம் பெரும்பாலும் பெர்பெரின் என்ற பொருள். கசப்பும் அதன் வேலைதான்.

பெர்பெரின் நேரேற்றம் கொண்டது. அந்த ஏற்றம் ஓரிடத்தில் நிற்காமல் மூலக்கூறின் அணு வளையங்களில் பரவியிருப்பதால் கொழுப்பாலான கலமென்சவ்வையும் மெல்லக் கடந்துவிடும். கலத்தின் உட்பக்கம் மறையேற்றம். கலத்துக்குச் சக்தி தயாரிக்கும் இழைமணிக்குள்ளே மறையேற்றம் இன்னும் கூட. அதன் உள்மென்சவ்வில் மட்டும் சுமார் 150 மில்லிவோல்ட் வித்தியாசம். ஒவ்வொரு 60 மில்லிவோல்ட்டுக்கும் பத்து மடங்கு என்ற கணக்கில் பெர்பெரின் உள்ளே இழுபட்டுக் குவியும்.

குவிந்து என்ன செய்கிறது? இழைமணி சக்தி எடுக்கப் பயன்படுத்தும் இலத்திரன் கடத்தும் சங்கிலியின் முதற்படியையே மந்தமாக்குகிறது. கலம் செலவழிக்கும் சக்திப் பொருளான ஏ.டி.பி.யின் உற்பத்தி குறைகிறது. அரிசிப் பானை அடி தெரிந்ததும் வீட்டில் செலவைச் சுருக்குவார்களே, அதுபோல ஏ.எம்.பி.கே. என்ற நொதியம் விழித்துக்கொள்கிறது. கொழுப்பு சேர்ப்பது நிற்கும், தசை கூடுதல் குளுக்கோசை உள்ளே எடுக்கும், ஈரலும் குளுக்கோசை வெளியே விடுவதைக் குறைக்கும். கிளினிக்கில் தரும் சீனிக் குளிசையான மெட்போமினுக்கும் ஏறக்குறைய இதே விளக்கம்தான் சொல்கிறார்கள். அதன் மூலமும் ஒரு செடிதான்: ஐரோப்பாவில் வளரும் கலேகா. மெட்போமினை 1922இல் ஆய்வுகூடத்தில் செய்து, 1957இல் நீரிழிவுக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள்.

ஆனால் குடித்த பெர்பெரினில் மிகச் சிறு பங்குதான் இரத்தத்தில் சேரும். குடற்கலங்களே பெரும்பகுதியைத் திருப்பித் தள்ளிவிடும். ஆய்வுகளில் நாளொன்றுக்கு 1 முதல் 1.5 கிராம் வரை தூய பெர்பெரின் கொடுக்கிறார்கள். நாம் அவிக்கும் தண்ணீரில் எவ்வளவு இறங்கியது என்று யார் அளந்தது?

அதனால் தடிமனுக்கு இரண்டு நாள் குடிப்பதில் பெரியவர்களுக்குப் பயமில்லை. சீனிக் குளிசை போடுகிறவர்கள் தினமும் குடிக்க நினைத்தால் முதலில் கிளினிக்கில் சொல்லுங்கள், சீனி அளவுக்கு மீறி இறங்கலாம். கர்ப்பிணிகள் குடிக்க வேண்டாம். பிறந்த குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது: இரத்தத்தில் புரதத்தோடு ஒட்டியிருக்கும் பிலிரூபின் என்ற மஞ்சள் நிறப்பொருளைப் பெர்பெரின் கழற்றி விடுவதால் குழந்தையின் மஞ்சட்காமாலை ஆபத்தாகும்.