இன்னொரு லாங்குவேஜ் வேணாம், எர்ரரைப் படிக்கப் பழகுங்க

கடைசி வருஷம் படிக்கிற ஒருத்தர் கேட்டிருக்கார்: "ஜாவா, பைத்தான் தெரியும், ஆன்லைன் சர்டிபிகேட் நாலு இருக்கு, ஆனா இன்டர்வியூல ரெண்டாவது ரவுண்டுலயே வெளிய வந்துடுறேன், இன்னும் எந்த லாங்குவேஜ் கத்துக்கணும்?"

எதுவும் வேணாங்க, இருக்குற ரெண்டுல ஒண்ண ஆழமா கத்துக்கோங்க போதும். நான் ஃப்ரெஷர்ஸை இன்டர்வியூ எடுக்கும்போது முக்கியமா பார்க்குறது, ப்ரோகிராம் கோடு ஓடலேன்னா இவங்க என்ன பண்றாங்கன்னுதான். ஏன்னா சேர்ந்ததும் கைக்கு வர்றது பெரும்பாலும் யாரோ எழுதுன பழைய கோடும் அதுல இருக்குற பக்கும், அதாவது தப்பும்தான்.

மார்க் லிஸ்ட்டுக்கு சராசரி போடுற பைத்தான் கோடு ஒண்ணு கொடுப்பேன், லிஸ்ட் காலியா இருந்தா ஜீரோவால வகுத்து நின்னுடும். எர்ரரைப் பார்த்ததும் நிறைய பேர் பதறிப்போய் கண்ட இடத்துல மாத்த ஆரம்பிச்சுடுறாங்க, எந்த ஃபைல் எத்தனாவது லைன்னு அதுலயே இருக்கு, அதை யாரும் படிக்கிறதில்ல. ஒரு பொண்ணு மட்டும் நிதானமா படிச்சுட்டு, "காலியா வந்தா ஜீரோ காட்டணுமா, மார்க் இன்னும் வரலைன்னு சொல்லணுமா சார்?"னு கேட்டாங்க. ஜீரோன்னா எல்லாரும் ஃபெயில்னு அர்த்தம் ஆயிடுமே, அதை யோசிச்சிருக்காங்க! அன்னைக்கே எடுத்துட்டோம்.

பைத்தான்ல எர்ரரைக் கடைசி வரிலேர்ந்து மேல படிங்க. ஜாவால முதல் வரியைப் பாருங்க, கீழ 'காஸ்டு பை' (Caused by, இதனால வந்தது)ன்னு இருந்தா அதுல கடைசியா வர்றதுதான் மூல காரணம். இதே சராசரியை ஜாவால டபுள்ல (தசம எண் வைக்கிற டைப்) போட்டா நிக்கக்கூட நிக்காது, 'நேன்'னு (NaN, 'நம்பரே இல்ல'ன்னு அர்த்தம்) ஒரு மதிப்பு சத்தமில்லாம உள்ள போயிடும், அதான் இன்னும் ஆபத்து.

கோடுல பண்ற ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவு பண்ணி வைக்கிற கிட் (Git) கண்டிப்பா வேணும், ஆட், கமிட், புஷ்னு அடிப்படை கமாண்ட் மட்டும் பத்தாது. 'கிட் பைசெக்ட்' போட்டுப் பாருங்க, 1000 கமிட்ல (பதிவு பண்ண மாற்றம்) எதுல பக் நுழைஞ்சதுன்னு பாதி பாதியா பிரிச்சு சுமார் 10 தடவைல கண்டுபிடிச்சுடலாம். டேட்டாபேஸ்லேர்ந்து தகவல் எடுக்குற எஸ்க்யூஎல்ல (SQL) ஜாயின், குரூப் பை, இண்டெக்ஸ் தெரிஞ்சா போதும். டேட்டா ஸ்ட்ரக்சர் (டேட்டாவை அடுக்கி வைக்கிற முறைகள்) எப்படியும் கேப்பாங்க, விட்டுடாதீங்க.

அப்புறம் ரெஸ்யூமேல போட்ட ப்ராஜெக்ட். ஏஐ எழுதிக் கொடுத்த கோடா இருந்தாலும் பரவால்ல, ஆனா வரிவரியா விளக்க முடியலேன்னா அதை எடுத்துடுங்க. இந்த வாரம் உங்க பழைய ப்ராஜெக்ட்டை ஒரு ஃப்ரெண்டுகிட்ட கொடுத்து வேணும்னே ரெண்டு இடத்துல கெடுக்கச் சொல்லி நீங்களே கண்டுபிடிங்க, எப்படி கண்டுபிடிச்சீங்கன்னு அவர்கிட்டயே வாய்விட்டு சொல்லுங்க.