கை கழுவும் தங்கை: பலகையில் உள்ள பட்டம் போதுமா?

ஓயாமல் கை கழுவும் தங்கையை, பலகையில் எம்.எஸ்சி. உளவியல் என்று போட்டிருப்பவரிடம் காட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பட்டம் மட்டும் போதாது. மதுரை கே.கே. நகரில் நீங்கள் பார்த்த பலகையில் அது மட்டும்தான் இருக்கிறது என்றால், அந்தப் பலகைக்கு உரியவரை கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், அதாவது மனநோய்களுக்குச் சிகிச்சை தரும் உளவியலாளர், என்று எடுத்துக்கொள்ள முடியாது. அதற்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலான ஆர்.சி.ஐ.யில் பதிவு வேண்டும். பலர் மருத்துவமனைப் பயிற்சியோடு 2 வருட எம்.ஃபில். முடித்தவர்கள். பதிவு எண்ணைக் கேட்டு, கவுன்சிலின் இணையதளத்தில் பாருங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

ஆறு மாதம் ஆலோசனைக்குப் போயும் தங்கை கை கழுவுவது குறையவில்லை என்கிறீர்கள். அங்கே பேச்சும் ஆறுதலும் மட்டும் நடந்திருக்கலாம். ஒரே பயம் திரும்பத் திரும்ப வந்து, ஒரே செயலைச் செய்ய வைக்கும் ஓசிடிக்கு இ.ஆர்.பி. என்ற சிகிச்சை வேண்டும். பயப்படுவதை எதிர்கொண்டு, அந்தச் செயலைச் செய்யாமல் இருக்கப் பழகுவதுதான் அது: பஸ் கம்பியைத் தொட்டுவிட்டு பத்து நிமிடம் கழுவாமல் இருப்பது, அப்புறம் அரை மணி நேரம், இப்படிப் படிப்படியாக. "இதில் பயிற்சி உண்டா, எப்படிச் செய்வீர்கள்?" என்று முதல் நாளே கேளுங்கள். வீட்டில் நீங்களாக வற்புறுத்த வேண்டாம். "கை சுத்தமாத்தான் இருக்கு" என்று அவளிடம் திரும்பத் திரும்பச் சொல்வதும் அந்தப் பயத்துக்குத் தீனிதான்.

சைக்காலஜிஸ்ட் மாத்திரை எழுத முடியாது. தோல் வெடித்து, தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தால் முதலில் மனநல மருத்துவரைப் பாருங்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நடுராத்திரி என்றாலும் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸில் (14416) எடுப்பார்கள்.