பொறுப்பைக் கொடுத்தார்கள், சொல்லிக்கொடுக்கவில்லை

அன்புள்ள அம்மா,

உங்கள் மகள் ஃபேஷன் டெக்னாலஜி முடித்து, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் எட்டு மாதம் டிரெய்னியாக இருந்து, போன மாதம் லைன் சூப்பர்வைசர் ஆகியிருக்கிறாள். வரிசையாக உட்கார்ந்து ஒரே உடையைப் பங்கு போட்டுத் தைக்கும் அவள் லைனில் 32 பேர். பாதிப் பேர் அவளைவிட இருபது வயது மூத்தவர்கள். ராத்திரி சாப்பிடாமல் படுத்துக்கொண்டு "எனக்கு ஆள் வச்சு வேலை வாங்கத் தெரியலம்மா" என்று அழுகிறாள். வேலையை விட்டுவிட்டு வங்கித் தேர்வுக்குப் படிக்கச் சொல்லட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவளுக்கு இது வராது என்று அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். துணி ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் மெஷினுக்கு நூல் கோக்கக்கூடப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லித் தருகிறோம். 32 பேரை வைத்து வேலை வாங்குவதை மட்டும் "நாளையிலிருந்து இந்த லைன் உன்னுது" என்ற ஒரே வார்த்தையில் தலையில் வைத்துவிடுகிறோம். நான் பார்த்த சூப்பர்வைசர்களில் பெரும்பாலானவர்கள் அப்படி வந்தவர்கள்தான். வேறு வழி தெரியாமல் சத்தம் போடுகிறார்கள். சத்தம் போட மனசு வராதவர்கள் உங்கள் மகளைப் போல வீட்டுக்கு வந்து அழுகிறார்கள்.

இதையும் ஒரு தொழிலாகக் கற்றுக்கொடுக்க முடியும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க ஆலைகளுக்குள் அனுபவமே இல்லாத ஆட்கள் லட்சக்கணக்கில் வந்தார்கள். அப்போது சூப்பர்வைசர்களுக்கென்றே 1940-இல் ஒரு பயிற்சித் திட்டம் தொடங்கினார்கள். ஒரு பாடத்துக்கு இரண்டு மணி நேர வகுப்பாக ஐந்து வகுப்பு, மொத்தம் பத்து மணி நேரம். போருக்குப் பிறகு அது ஜப்பானுக்குப் போனது, டொயோட்டாவும் எடுத்துக்கொண்டது. அதில் ஒரு வாசகம் உண்டு: தொழிலாளி கற்றுக்கொள்ளவில்லை என்றால், சொல்லிக்கொடுத்தவர் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆட்களோடு பழகுவதற்கும் நான்கு விஷயம் சொன்னார்கள். அவரவர் வேலை எப்படி இருக்கிறது என்று அவரவருக்குத் தெரிவி, நன்றாகச் செய்தால் அப்போதே சொல், மாற்றம் வருகிறதென்றால் முன்கூட்டியே சொல், ஒருவருக்கு எது நன்றாக வருமோ அதில் அவரைப் போடு.

மூன்றாவதைத்தான் நம் ஊரில் யாரும் கண்டுகொள்வதில்லை. "இன்னிக்கு நைட் இருக்கு" என்று சாயங்காலம் ஏழு மணிக்குச் சொன்னால், பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்த அக்கா என்ன செய்வாள்? மதியச் சாப்பாட்டுக்கு முன்பே சொன்னால் போன் போட்டு ஏற்பாடு செய்துகொள்வாள். கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புச் சம்பளம் என்று சட்டம் சொல்கிறது. முன்கூட்டியே சொல்லும் மரியாதையை எந்தச் சட்டமும் வாங்கித் தராது, அது சூப்பர்வைசர் கையில்தான் இருக்கிறது.

இனி அவளுக்கு. இந்தப் பகுதியை அவளிடமே படிக்கக் கொடுங்கள்.

மணிக்கு நூறு பீஸ் கேட்கிறார்கள், எழுபதுதான் வருகிறது, எல்லாரையும் விரட்ட வேண்டியிருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னாயாம். விரட்டுவதற்கு முன்னால் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு லைனில் நட. ஒவ்வொரு மெஷினிலும் மணிக்கு எத்தனை பீஸ் அடிக்க முடிகிறது என்று எழுது. கை ஏற்றுவதில் 120, சைடு அடிப்பதில் 110, கழுத்து ரிப் வைப்பதில் மட்டும் 70 என்று வந்தால், மற்ற முப்பது பேரைத் திட்டி ஒரு பீஸ்கூடக் கூடாது. அதற்கு முந்தைய மெஷின்காரர்கள் வேகமாக அடிக்க அடிக்கக் கழுத்து மெஷினுக்கு முன்னால் பீஸ் கட்டுதான் குவியும். அங்கே இன்னொரு டெய்லரைப் போடு, அல்லது கைமடி என்கிற உதவியாள் ஒருவரை நிறுத்தி பீஸை எடுத்துக் கொடுக்கச் சொல். மறு மணி நேரத்திலேயே கணக்கு மாறும். அந்த நோட்டு கையில் இருந்தால் புரொடக்‌ஷன் மேனேஜர் கத்தும்போதும் உனக்குப் பதில் இருக்கும்.

என் கதை ஒன்று. நானும் 24 வயதில் சூப்பர்வைசராக இருந்தேன். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஆர்டர். ஓர் ஓவர்லாக் அக்காவின் பீஸ் எல்லாம் பிரித்துத் தைக்க ஆல்டருக்குத் திரும்பி வந்தது. லைன் நடுவில் நின்று, "கண்ணு தெரியலைனா வீட்டுல இருக்க வேண்டியதுதானே" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் வரவில்லை. அவரோடு ஒரே ஊரிலிருந்து வரும் இரண்டு பேரும் வரவில்லை. பிறகுதான் போய்ப் பார்த்தேன், அவர் மெஷினுக்கு மேலே இருந்த ட்யூப் லைட் மூன்று நாளாக எரியவில்லை. மெக்கானிக்கிடம் இரண்டு தடவை சொல்லியிருக்கிறார். "என்னாச்சுங்க அக்கா?" என்று குனிந்து கேட்டிருந்தால் ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். அவரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய்க்கவே இல்லை. இத்தனை வருஷம் கழித்தும் அது உறுத்துகிறது.

அதனால் சொல்கிறேன்: தப்பைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல், பாராட்டை லைன் கேட்கும்படி சொல். வயதில் மூத்தவர்களை அக்கா, அண்ணா என்றே கூப்பிடு, அதனால் உன் பதவி குறையாது. வேலையை மட்டும் வளவளவென்று கெஞ்சாமல், இத்தனை பீஸ், இத்தனை மணிக்குள் என்று தெளிவாகச் சொல். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்களுக்கு வாயால் சொல்வதைவிட ஒரு பீஸை அடித்துக் காட்டு. பிறகு அவர்களை அடிக்கச் சொல்லிப் பக்கத்தில் நில்.

அம்மா, உங்களுக்கு இரண்டு விஷயம். வங்கி அதிகாரி தேர்வை 30 வயது வரை எழுதலாம், அவளுக்கு 22தான் ஆகிறது. கதவு மூடிவிடாது. அங்கே போனாலும் தன்னைவிட மூத்த ஊழியர்களிடம் வேலை வாங்கத்தான் வேண்டியிருக்கும்.

ஆனால் பொறுத்துக்கொள்ளக் கூடாதவையும் உண்டு. கெட்ட வார்த்தை பேசித்தான் வேலை வாங்க வேண்டும் என்று மேலே இருப்பவர் கட்டாயப்படுத்தினால், அந்தக் கம்பெனியை விட்டு வேறு கம்பெனி பார்க்கச் சொல்லுங்கள், திருப்பூரில் கம்பெனிக்குப் பஞ்சமில்லை. அவளிடமோ லைனில் ஒரு பெண்ணிடமோ யாராவது தப்பாக நடந்தால், 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள் புகார் குழு இருந்தாக வேண்டும் என்பது 2013 சட்டம். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். லைனில் இருக்கும் பெண்களுக்கும் அவளே இதைச் சொல்லி வைக்கட்டும்.

ராத்திரி அவள் வந்ததும் "இன்னைக்கு யாரு திட்டினா?" என்று கேட்காதீர்கள். சோற்றைப் போட்டுவிட்டு, லைனில் யார் யார் இருக்கிறார்கள், எந்த ஊர், யாருக்கு எத்தனை பிள்ளை என்று கேளுங்கள். முதல் வாரம் பாதிப் பேரைப் பற்றி அவளுக்கே தெரியாது. தெரிந்துகொண்டு வந்து சொல்வாள்.

தீபாவளிக்கு எல்லாரும் ஊருக்குப் போவார்கள். லீவு முடிந்து எத்தனை பேர் அவள் லைனுக்கே திரும்பி வந்தார்கள் என்று அந்த நோட்டிலேயே எழுதி வைக்கச் சொல்லுங்கள். பொங்கல் கழிந்து அந்த நோட்டோடு நீங்கள் இருவரும் என்னிடம் வாருங்கள். இந்த வேலையா, வங்கித் தேர்வா என்று அப்போது உட்கார்ந்து பேசுவோம்.