சோன்-குல் ஏரிக்கரையில், கூடாரத்துக் குடும்பத்தோடு: கேள்வி பதில்

கிர்கிஸ்தானில் சோன்-குல் ஏரிக்கரையில் ஆடும் குதிரையும் மேய்க்கும் ஒரு குடும்பத்தோடு இரண்டு கோடைகள் தங்கியிருக்கிறேன். நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

எந்த மாதம் போகலாம் அண்ணா? குளிர் தாங்குமா?

ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை. அதற்குப் பிறகு குடும்பங்கள் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு கீழே கிராமத்துக்கு இறங்கிவிடும். கோடை மேய்ச்சல் நிலத்தை அவர்கள் ஜைலூ என்கிறார்கள். ஏரி 3,016 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அதனால் ஜூலையிலும் கம்பளிக் குல்லா வேண்டும். தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து ஒரே மூச்சில் ஏறாமல் வழியில் உள்ள கொச்கோர் ஊரில் ஓர் இரவு தங்கிவிட்டுப் போங்கள், தலைவலி குறையும்.

நான் சுத்த சைவம். சமாளிக்க முடியுமா?

முடியும், ஆனால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ரொட்டி, கைமாக் என்ற கெட்டிப் பாலாடை, பழ ஜாம், எண்ணெயில் பொரித்த மாவுத் துண்டான போர்சோக், கோப்பை கோப்பையாகத் தேநீர், இவற்றுக்குக் குறைவே இல்லை. சூப் மட்டும் அநேகமாக ஆட்டிறைச்சியில் வைத்ததாகத்தான் இருக்கும். வேண்டாம் என்றால் வருத்தப்பட மாட்டார்கள், ரொட்டியை இன்னும் கொஞ்சம் உங்கள் பக்கம் தள்ளுவார்கள். அந்த ரொட்டியைக் கவிழ்த்து வைக்காதீர்கள், அது அவர்களுக்குப் பெரிய அவமரியாதை.

குதிரைப்பால் குடித்தீர்களா? எப்படிக் கறக்கிறார்கள்?

குடித்தேன். முதல் வாய் புளித்த மோரில் புகை வாசம் சேர்ந்த மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் நானே கேட்டு வாங்கினேன்.

கறப்பதை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கலாம். குட்டிகளைப் பகலில் வரிசையாகக் கட்டி வைத்திருப்பார்கள், தாய்க் குதிரைகள் தொலைவு போகாமல் அவற்றையே சுற்றி மேயும். முதலில் குட்டியை ஊட்டவிட்டு, பால் இறங்கியதும் விலக்கிப் பிடிப்பார்கள். வீட்டு அக்கா ஒரு முழங்காலை மண்ணில் ஊன்றி, மறு தொடையில் வாளியை வைத்து, ஒரு கையைக் குதிரையின் பின்னங்காலைச் சுற்றிக் கொண்டுவந்து கறந்தார். ஒரு தடவைக்குக் கொஞ்சம்தான் கிடைக்கும். அதனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளெல்லாம் இதே வேலை. அந்தப் பாலைப் புளிக்கவைத்துக் கடைந்தால் கிமிஸ். முன்பு புகையூட்டிய தோல்பையில் வைப்பார்கள். நான் தங்கிய இடத்தில் நீல நிற பிளாஸ்டிக் பீப்பாய்தான் நின்றது. கழுவ எளிது என்றார் அக்கா. சரிதான், கழுவுகிற கை அவருடையது.

கூடாரத்துக்குள் எங்கே உட்கார வேண்டும்?

அவர்கள் காட்டுகிற இடத்தில். வாசலுக்கு நேர் எதிரே உள்ள இடம் தோர், பெரியவருக்கோ விருந்தாளிக்கோ உரியது. வாசற்படியை மிதிக்காமல் தாண்டிப் போங்கள். அப்புறம், படுத்துக்கொண்டு மேலே பாருங்கள்: கூரை உச்சியில் குறுக்குக் கம்புகளோடு ஒரு மரவளையம் இருக்கும். துண்டுக் என்று பெயர். அந்த நாட்டுக் கொடியின் நடுவில் இருப்பது அதுவேதான்.

இந்தப் பழக்கமெல்லாம் அழிந்துகொண்டிருக்கிறது என்கிறார்களே, உண்மையா?

எல்லாம் ஒரே வேகத்தில் போகவில்லை. 1930களில் சோவியத் அரசு மந்தைகளைக் கூட்டுப் பண்ணைக்குள் கொண்டுவந்தது. 1991க்குப் பிறகு பண்ணைகள் கலைந்தன, பங்கு பிரித்த ஆடுகளைப் பலர் விற்றுத்தான் பிழைத்தார்கள். பத்து ஆட்டுக்காக யாரும் மலை ஏற மாட்டார்கள். இளைஞர்கள் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போகிறார்கள். கிமிஸ் நிலைத்திருக்கிறது, ஏனென்றால் அதற்கு வாங்க ஆள் இருக்கிறது.

எனக்கு மனசு கனப்பது ஷிர்டக் விஷயத்தில்தான். அது நமுதா விரிப்பு, அதாவது நெய்யாமல் அழுத்திக் கெட்டியாக்கிய கம்பளியில் செய்தது. கம்பளியைப் புல் பாயில் பரப்பி, வெந்நீர் ஊற்றி, சுருட்டி மிதித்து நமுதா ஆக்குகிறார்கள். இரண்டு நிற நமுதாவை ஒன்றின் மேல் ஒன்று வைத்து ஒரே கத்தியில் ஆட்டுக்கொம்பு வடிவம் வெட்டுகிறார்கள். சிவப்பில் வெட்டியது கறுப்பின் பள்ளத்தில் உட்காரும், கறுப்பில் வெட்டியது சிவப்பில். துணுக்குகூட வீணாகாது, இரண்டு விரிப்பு கிடைக்கும். பிறகு மாதக்கணக்கில் கைத்தையல். 2012இல் யுனெஸ்கோ இதை அவசரமாகக் காப்பாற்ற வேண்டிய கலைகளின் பட்டியலில் சேர்த்தது. சந்தையில் ஆலை விரிப்பு மலிவாகக் கிடைக்கும்போது யார் உட்கார்ந்து தைப்பார்கள்?

அந்த வீட்டுப் பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்களா அண்ணா?

பேத்திக்குப் பன்னிரண்டு வயது, கொச்கோரில் படிக்கிறாள். சேணம் இல்லாமல் குதிரை ஓட்டுவாள், தையல் ஊசி எடுக்க மாட்டாள். பாட்டி அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் வெட்டி முடித்த ஒரு சோடி நமுதாவைத் துணியில் சுற்றி, படுக்கை அடுக்குக்கு அடியில் வைத்திருக்கிறார். முதல் கோடையில் எனக்குப் பிரித்துக் காட்டினார். அடுத்த கோடையில் ஓர் ஓரம் மட்டும் தைத்திருந்தது, தையல் கொஞ்சம் கோணல். யார் தைத்தது என்று கேட்டேன். பாட்டி வெளியே குதிரையோடு நின்ற பேத்தியைக் கண்ணால் காட்டினார்.